தீம் பார்க்குக்கு எப்ப போனீங்க? மாட்டிக்கிட்ட கதையை இங்க சொல்லுங்க

கீழ்வீட்டுக்காரர்

2023 மே 1 திங்கட்கிழமை வந்துச்சு இல்லையா, சனி ஞாயிறோட சேர்த்து மூணு நாள். அந்த ஞாயித்துக்கிழமை போனோம். எந்த பார்க்னு கேக்காதீங்க. நான், மனைவி, ஏழு வயசுப் பையன், தங்கச்சி குடும்பம். பதினொரு மணிக்குப் போய்ச் சேந்தா பார்க்கிங் நிறைஞ்சு போச்சுன்னு எதிர்ல ஒரு காலி மனைக்குக் கைகாட்டினாங்க. அப்பவே வண்டியைத் திருப்பியிருக்கணும்.

ரைடு கதையெல்லாம் விடுங்க. அந்த வேவ் பூல்தான் இன்னும் மண்டையில ஓடிட்டிருக்கு. அலை வரப்போகுதுன்னு சைரன் அடிக்குமே, அது அடிச்சதும் எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. அலை எழும்ப இடமில்ல. தண்ணிக்குப் பதிலா ஆளுங்கதான் ஏறி இறங்கினாங்க. அந்த நேரத்துல என் கையில இருந்த பையன் கை வழுக்கிடுச்சு. அவன் தலைக்கு அவங்கம்மா தேச்சுவிட்ட தேங்காயெண்ணெய் உடம்பெல்லாம் இறங்கியிருந்துச்சு.

திரும்பிப் பாத்தா எல்லாப் பசங்களும் ஒரே நீல காஸ்ட்யூம். வாசல்ல வாடகைக்குத் தர்றாங்களே, அதேதான். எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே ஈரத்தலை. எது நம்ம பிள்ளைன்னே தெரியல. பேரைச் சொல்லிக் கத்தினேன், மூணு நாலு பசங்க திரும்பினாங்க. பத்து எண்ணுற நேரம் இருக்கும். ரெண்டு கை தூரத்துலதான் நின்னிருக்கான். யாரோ ஒருத்தர் தொடையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, நான்னு நினைச்சு.

அந்த மனுஷனும் அவர் பிள்ளைன்னு நினைச்சு இவன் தலையில கை வச்சிட்டு நின்னார். அதை நினைச்சா இப்பவும் ராத்திரி தூக்கம் கலையுது. நீங்க எப்ப போனீங்க, எழுதுங்க.

சிறுவாணித் தண்ணி

நாங்க உங்களை மாதிரி இல்லீங்க, புத்திசாலித்தனமா வார நாள்ல போனோம். ஜனவரி கடைசி, வியாழக்கிழமை. எங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்குத்தான் லீவு. பையனுக்குக் காய்ச்சல்னு மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டாச்சு. காலையில ஒம்போதரைக்கெல்லாம் மலையடிவாரத்துல நிக்கறோம்.

வாசல்ல பாத்தா வரிசையா ஸ்கூல் பஸ்ஸு. எண்ணினேன், பதினாலு. வார நாள்ல கூட்டம் இருக்காதுன்னு சொன்னவங்க யாரும் இதைச் சொல்லலையே! நவம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரி வரைக்கும் எக்ஸ்கர்ஷன் சீசனாம். மஞ்ச டீ-ஷர்ட் ஒரு கூட்டம், பச்சை டீ-ஷர்ட் ஒரு கூட்டம், விசில் சத்தம், "ரெண்டு ரெண்டு பேரா நில்லு"ன்னு பி.டி. சார் குரல். ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வகுப்பே முன்னாடி நிக்குது.

சரி போகுதுன்னு சறுக்கு ரைடு க்யூல நின்னோம். பின்னாடி இருந்து ஒரு குரல்: "காய்ச்சல் இப்ப எப்படிப்பா இருக்கு?"

அவன் க்ளாஸ் மிஸ். வேற செக்‌ஷன் பசங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. எனக்குக் காலடியில பூமி நழுவுது. இவன் நீச்சல் கண்ணாடியை நெத்திக்குத் தூக்கிவிட்டுட்டு, தலையெல்லாம் சொட்டச் சொட்ட, "இப்பப் பரவால்ல மிஸ்" அப்படிங்கறான்.

அதுக்கப்புறம் நாலு மணி வரைக்கும் அந்த மஞ்ச டீ-ஷர்ட் எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப் பக்கமே போயிட்டிருந்தோம்.

பூன்லே வாசி

மேல மே 1 போனவருக்கு: தப்பா எடுத்துக்காதீங்க, அது நீங்களே வாங்கிக்கிட்டது. மூணு நாள் லீவு உங்களுக்கு மட்டுமா விட்டாங்க?

என் கதை சிங்கப்பூர்ல. இங்க நவம்பர் நடுவுல ஸ்கூல் முடிஞ்சா டிசம்பர் கடைசி வரைக்கும் லீவுதான். டிசம்பர்ல மழை, டிக்கெட் விலை ஏறும், அதனால நவம்பர் மூணாவது வாரமே முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன். புதுக்கோட்டையிலேர்ந்து அப்பா அம்மா வேற வந்திருந்தாங்க. மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடிச்சிட்டு நிதானமா கிளம்பினோம். அந்த நிதானத்துலதான் எல்லாம் போச்சு.

அக்டோபர், நவம்பர்ல இங்க மத்தியானத்துக்கு மேல இடி. மழை கூட வேணாம், பக்கத்துல எங்கேயோ மின்னல்னு எச்சரிக்கை வந்தாலே வெளியில ஓடற ரைடை நிறுத்திடுவாங்க. எழுபது நிமிஷம் நின்னோம். முன்னாடி எட்டே பேர். அம்மா முதல் தடவையா இந்த மாதிரி ஒண்ணுல ஏறப் போறாங்க, மூக்குத்தி வரைக்கும் கழட்டிப் பையில போட்டாச்சு. அறிவிப்பு வந்துச்சு. எல்லாரையும் வந்த வழியே இறக்கிவிட்டாங்க. வெளியில வந்தா பளிச்சுன்னு வெயில்! அம்மா உள்ளங்கையை நீட்டிப் பாத்துட்டு "மழையே வரலையேடா" அப்படின்னாங்க. அன்னிக்கு அது திறக்கவே இல்ல.

அடுத்த நாள் அவங்களுக்கு ஃப்ளைட். விடியோ கால்ல இப்பவும் சில நேரம் சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, "அங்க வெயிலா மழையா?"ன்னு.

கீழ்வீட்டுக்காரர்

பூன்லே சார், மூணு நாள் லீவு எல்லாருக்கும்தான்னு எனக்கும் தெரியும். எனக்கும் மனைவிக்கும் தங்கச்சி வீட்டுக்காரருக்கும் ஒரே நாள்ல லீவு விழுந்தது அந்த வருஷத்துல அது ஒண்ணுதான். நீங்களும் கணக்குப் போட்டுத்தானே போனீங்க? என்ன ஆச்சு?

காலண்டர் மாமா

எல்லாரும் ஒரே தப்பைப் பண்றீங்க. நம்ம காலண்டரைப் பாத்துட்டுக் கிளம்பறீங்க. பார்க் இருக்கிற ஊர்க் காலண்டரைப் பாக்கணும்.

விளக்கமாச் சொல்றேன். கர்நாடகத்துல மே கடைசியிலேயே ஸ்கூல் திறந்திடும். கேரளத்துல ஜூன் 1 வாக்குல. நம்ம ஊர்ல வெயிலைக் காரணம் காட்டித் தள்ளித் தள்ளிப் போடுவாங்க. 2023-ல ஆறாவதுக்கு மேல ஜூன் 12, சின்னப் பசங்களுக்கு ஜூன் 14. 2024-ல ஜூன் 10. அந்த இடைவெளியைப் பாருங்க! நம்ம பிள்ளைங்க வீட்டுல, அவங்க பிள்ளைங்க க்ளாஸ்ல. பெங்களூர்ல பிடதிப் பக்கமோ கொச்சியில பள்ளிக்கரையிலோ இருக்கிற வொண்டர்லாவுக்குப் போறதுன்னா இந்த வாரம்தான். ஆனா 2025-ல ஜூன் 2-ஆம் தேதியே திறந்துட்டாங்க, அதனால ஒவ்வொரு வருஷமும் அறிவிப்பு வந்தப்புறம்தான் முடிவு பண்ணணும். இதுல ஒரு சிக்கல், ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி எடுக்கணும். 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்துச்சு. அதனால ஏப்ரல்லேயே எடுத்து வச்சுக்கிட்டு, தேதி ஒத்து வரலைன்னா ரத்து பண்ணிக்கலாம், கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க.

காலாண்டு லீவுல பெங்களூர் வேண்டவே வேண்டாம், அவங்களுக்கும் தசரா லீவு. ஓணத்துக்குக் கேரளா வேண்டாம். டிசம்பர் கடைசி வாரம் எங்கேயும் வேண்டாம். ஆயுத பூஜை லீவுல ஹாங்காங் டிஸ்னிலேண்ட்னு யாராவது பேக்கேஜ் காட்டினா தேதியைப் பாருங்க, அக்டோபர் 1-லிருந்து சீனாவுல ஒரு வாரம் தேசிய விடுமுறை. துபாய், அபுதாபி ஜூலையில போறவங்க ஃபெராரி வேர்ல்ட், ஐஎம்ஜி மாதிரி கூரைக்குள்ள இருக்கிறதைப் பாத்துக்குங்க. சென்னையிலேயேன்னா மார்ச் முதல் ரெண்டு வாரம். எக்ஸ்கர்ஷன் முடிஞ்சிருக்கும், பப்ளிக் எக்ஸாம் வச்சிருக்கிற வீடு வெளியில வராது, அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நைலான் காஸ்ட்யூம் வீட்டிலேர்ந்தே கொண்டு போங்க, எல்லாரும் போடற நீலத்தை விட்டுட்டு ஆரஞ்சு கலர்ல வாங்குங்க. லாக்கர் சாவியைக் கையில கட்டாதீங்க, ஊக்குப் போட்டு உள்பக்கம் குத்திக்குங்க. காலையில திறந்ததும் கடைசியில இருக்கிற ரைடுலேர்ந்து ஆரம்பிச்சு வாசலை நோக்கி வாங்க. ஒண்ணரை மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போவாங்க, நீங்க பன்னண்டுக்கே சாப்பிட்டுடுங்க.

என் அனுபவமா? 2023 ஜூன் 9, வெள்ளிக்கிழமை, கொச்சி. அந்த வருஷம் பருவமழை ஒரு வாரம் லேட், ஜூன் 8-தான் கேரளத்துல ஆரம்பிச்சது, நாங்க போறதுக்கு முந்தின நாள் சரியா. எந்த ரைடுலயும் க்யூ கிடையாது, அந்த வகையில என் கணக்கு நூத்துக்கு நூறு. அலைக் குளத்துல நாங்க நாலு பேர்தான். மழை கொட்டுது, அலை வருது. என் பொண்ணு மட்டும் "அப்பா, யாருமே இல்ல, வீட்டுக்குப் போலாமா?"ன்னு கேட்டா.

கடைசி ட்ரிப்

சென்னையில பஸ் ஓட்றேன். ஊருக்கு லீவுன்னா எனக்கு டூட்டி. காணும் பொங்கலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவாங்க, வண்டலூர், மெரினா, ஈசிஆர்னு நாள் பூரா பார்க் போற ஜனத்தைத்தான் ஏத்தி இறக்குவேன். என் பொண்ணு போன் பண்ணி "இப்ப எந்தப் பார்க்குப்பா?"ன்னு கேக்கும்.

ஒரு புரட்டாசி செவ்வாய்க்கிழமை எனக்கு ஆஃப். அன்னிக்குக் கூட்டிட்டுப் போனேன். காலண்டர் மாமா சொல்ற மாதிரி ஈ, காக்கா இல்ல. ஆனா ஆள் சேந்தாதான் ரைடை ஓட்டுவேன்றான் அந்தப் பையன். பத்துப் பேராவது வேணுமாம். நாங்க நாலு பேர் ஏறி உக்காந்து பெல்ட்டெல்லாம் போட்டாச்சு. கால் மணி நேரம் ஆச்சு, ஒருத்தனும் வரல. எம் பொண்ணு சட்டுனு இறங்கிப் போயி, பாதையில போறவங்களை எல்லாம் "வாங்க அங்கிள், வாங்கக்கா, வண்டி எடுக்கப் போறோம், ஆறு பேர்தான் பாக்கி"ன்னு கூவ ஆரம்பிச்சிருச்சு. ஜூஸ் கடைக்காரர் வரைக்கும் வந்து உக்காந்தார். ஆள் சேந்ததும் ஏறி உக்காந்து "போலாம் ரைட்!"டுன்னு ஒரு குரல் குடுத்துச்சு பாருங்க.

எங்கேர்ந்து கத்துக்கிச்சுன்னு பொண்டாட்டி என்னைப் பாக்கறா.

தட்டு நிறைய

நாங்க தஞ்சாவூர். சதய விழாவுக்கு எங்க மாவட்டத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை விடுவாங்க, பதிலுக்கு ஒரு சனிக்கிழமை ஸ்கூல் வச்சிடுவாங்க, அது வேற. மத்த ஊருக்கெல்லாம் அன்னிக்கு வேலை நாள். ஒரு தடவை அந்த நாள்ல சென்னைக்குப் போனோம். ஐப்பசி அடைமழை. லாட்ஜ் ஜன்னல் வழியா ஜயண்ட் வீலைப் பாத்துட்டுத் திரும்பி வந்தோம். அது சுத்தவே இல்ல.

மூணு செ.மீ.

எல்லாரும் மாசம், கிழமை, மழைன்னு பேசறீங்க. எனக்கு எல்லாமே சரியா அமைஞ்சுது. பிப்ரவரி கடைசி, மேகமூட்டம், சுமாரான கூட்டம். பொண்ணுக்கு எட்டு வயசு. அந்தப் பெரிய ரோலர் கோஸ்டர் ஒண்ணுக்காகத்தான் வந்திருக்கா. ரெண்டு மாசமா யூட்யூப்ல அதையே பாத்து, எந்த இடத்துல தலைகீழாப் போகும்னு வரைக்கும் மனப்பாடம்.

ஐம்பது நிமிஷ க்யூ. நிக்கும்போதே "அம்மா, முடியைக் கொண்டையா போட்டுவிடு"ன்னா. வேர்க்குதுன்னு நினைச்சுப் பின்னாடி போட்டேன். "இல்ல, உச்சியில போடு. இன்னும் மேல"ன்னா. கண்ணாடியில பாத்தா சாமியார் மாதிரி இருக்குன்னு நானும் அவங்கப்பாவும் கேலி பண்ணினோம்.

படியெல்லாம் ஏறி மேல போனதும்தான் அளவுகோல். 130 செ.மீ. கோடு. அந்த ஊழியர் பாவம், நல்ல பையன், எதுவுமே பேசல. கொண்டை மேல ரெண்டு விரலை வச்சு மெதுவா அமுக்கினான். அப்புறம் குனிஞ்சு அவ குதிகாலைப் பாத்தான். அவளே காலைக் கீழ வச்சிட்டா. 127.

கொண்டை எதுக்குன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. அவளுக்கு அளவு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. வீடியோவுல அந்தப் பலகையும் வந்திருக்கும் இல்ல? தெரிஞ்சேதான் ஐம்பது நிமிஷம் நின்னிருக்கா.

இறங்கறதுக்கு வேற படி. எதிர்ல ஏறி வர்றவங்க யாரும் பாக்காம இருக்க அவளே கொண்டையை அவுத்து விட்டுக்கிட்டா. இப்ப ஒன்பதாவது, 158 செ.மீ. போலாமாடின்னா ட்யூஷன் இருக்குங்கறா.

காலண்டர் மாமா

அந்த வயசுல பிள்ளைங்க வருஷத்துக்கு அஞ்சு, ஆறு செ.மீ. வளரும் மேடம். ஆறு மாசம் தள்ளிப் போட்டு ஆகஸ்ட்ல போயிருந்தீங்கன்னா சரியா இருந்திருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுச் சுவர்ல பென்சில்ல கோடு போட்டு...

மூணு செ.மீ.

சார்.

பூன்லே வாசி

கீழ்வீட்டுக்காரரே, மொதல்ல எழுதினது கொஞ்சம் காரமாப் போச்சு. பையன் கிடைச்சானே, அது போதும். அது இருக்கட்டும், சிறுவாணி அக்கா, அந்த மிஸ் அப்புறம் ஒண்ணுமே சொல்லலையா?

சிறுவாணித் தண்ணி

மறுநாள் லீவ் லெட்டர் கேட்டு விட்டாங்க. என்னன்னு எழுதறது? "உடல்நிலை காரணமாக"ன்னு எழுதி, வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவரு மாட்டேன்னுட்டாரு. நானே போட்டேன்.

ரேங்க் கார்டு வாங்கப் போனப்ப நேருக்கு நேர் பாத்தேன். கணக்குல எழுபத்திரண்டு, நல்லாப் படிக்கறான்னெல்லாம் சொன்னாங்க. நான் எந்திரிக்கறப்பத்தான் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவை சனிக்கிழமை போங்க, நாங்க அன்னிக்கு வர மாட்டோம்" அப்படின்னாங்க.