கடலூரில் வைத்து ஓட்டப் பழைய ஈகோஸ்போர்ட் வாங்கலாமா?

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். வேலை புதுச்சேரியில் என்பதால் வாரத்தில் ஆறு நாளும் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போய்வருகிறேன். இதுவரை பைக்கிலேயே சமாளித்துவிட்டேன். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு, அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், இனியும் அப்படி ஓட்ட முடியாது என்று தெரிந்துவிட்டது.

வில்லியனூரில் ஓர் ஆசிரியர் தம்முடைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் டீசல் வண்டியை விற்கிறார். 2018-ஆம் ஆண்டு வண்டி, முதல் உரிமையாளர், 81,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, சர்வீஸ் ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். ஊசுட்டேரி வரை ஓட்டிப் பார்த்தேன். அந்த ஸ்டீயரிங் கைக்குள் அடங்கி நிற்கும் விதமும், குண்டும் குழியுமான இடத்தில்கூட வண்டி உலுக்காமல் போன விதமும் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆனால் அப்பா, "கடையைக் கட்டிக்கொண்டு போனவனுடைய வண்டியில் பணத்தைப் போடாதே" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அவர் சொல்வதை ஒதுக்கவும் முடியவில்லை. இந்த நிறுவனம் இங்கே வந்ததும் போனதும் எப்படி, மீண்டும் வருகிறது என்று செய்தியில் வருவதை நம்பி வாங்கலாமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, நம் கடற்காற்றில் இந்த வண்டி எப்படித் தாங்கியிருக்கிறது என்பதை வைத்திருப்பவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன். வண்டி பிஒய் 01, அதாவது புதுச்சேரிப் பதிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செங்கை_நெல்லிக்குப்பம் எழுதியது:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். சென்னைக்கு அருகே மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலைக்குப் பாகம் செய்து கொடுத்த ஒரு சிறு நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தேன். அதனால் வரலாற்றுக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போனது இது முதல் தடவை அல்ல. ஹென்றி ஃபோர்டு 1903-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1908-இல் வந்த மாடல் டி வண்டியை, 1913-இல் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் வரிசை அமைத்துக் கட்டத் தொடங்கியபோது, ஒரு வண்டியைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி விற்றது அதனால்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளின் வணிகத்தைக் கனடா ஃபோர்டு கவனித்து வந்தது. அதன் கிளையாகத்தான் 1926-இல் இந்தியாவில் ஃபோர்டு நுழைந்தது. பெட்டியில் வரும் பாகங்களை இங்கே பூட்டி விற்பதுதான் அன்றைய வேலை. விடுதலைக்குப் பிறகு, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்பவர்கள் தொடர முடியாது என்று அரசு முடிவெடுத்தபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950-களின் நடுவில் கிளம்பின.

பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல் மகிந்திராவோடு சரிபாதிக் கூட்டாக வந்தார்கள். முதல் வண்டி எஸ்கார்ட். 1998-இல் பெரும்பங்கு ஃபோர்டின் கைக்கு மாறியது. 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. ஐரோப்பிய வண்டியை அப்படியே இறக்காமல், ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் நம் நாட்டுக்கென்றே பின்பெட்டி வைத்துச் செய்த வண்டி அது. 2010-இல் ஃபிகோ, 2013-இல் ஈகோஸ்போர்ட் என்று அடுத்தடுத்து வந்தபோது எங்கள் பகுதியில் வேலை இல்லாத வீடே இல்லை என்னும் நிலை இருந்தது.

அந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலையின் வரிசையில் எந்த வண்டி எப்போது வருகிறதோ, அதே வரிசையில் எங்கள் பாகமும் அடுக்கப்பட்டுப் போக வேண்டும். சிவப்பு வண்டிக்கு அடுத்து இரண்டு வெள்ளை, பிறகு ஒரு சாம்பல் என்று தாளில் வந்தால், டிராலியிலும் அதே ஒழுங்கு. ஒன்று மாறினாலும் வரிசையில் நிற்பவர் கையை உயர்த்திவிடுவார். எந்த ஊருக்குப் போகும் வண்டி என்று அந்தத் தாளிலேயே குறிப்பு இருக்கும். அமெரிக்காவில் 2018 முதல் விற்ற ஈகோஸ்போர்ட் சென்னையில் செய்ததுதான். அமெரிக்க நிறுவனத்தின் வண்டியை நம் பிள்ளைகள் பூட்டி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள் என்பதை இன்றும் பெருமையோடு சொல்வேன்.

பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தார்கள். 2015-இல் தொடங்கிய குஜராத் சனந்த் ஆலை டாடாவின் கைக்குப் போனது. மறைமலை நகரில் ஏற்றுமதிக்கான கடைசி வண்டி 2022 ஜூலையில் இறங்கியது. உற்பத்தித் தரத்துக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை. இரண்டு பெரிய ஆலைகளுக்கு ஏற்ற அளவு விற்பனை இல்லை என்பதே காரணம்.

மீண்டும் வருவது பற்றிய செய்தி உண்மைதான். 2025 அக்டோபர் இறுதியில் தமிழக அரசோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 2029 முதல் என்பது திட்டம். ஆனால் அது ஏற்றுமதிக்கான எஞ்சின் ஆலை. உங்கள் 2018 ஈகோஸ்போர்ட்டுக்கு அதனால் ஒரு போல்ட்டுகூடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ணி வாங்க வேண்டாம். வண்டியின் நிலையைப் பார்த்து மட்டும் முடிவெடுங்கள்.

ரெயின்போ_நகர் எழுதியது:

நான் 2015 முதல் ஈகோஸ்போர்ட் டீசல் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கி, நானே ஓட்டி, இன்று 1,24,000 கிலோமீட்டர் ஆகிறது. உங்கள் அப்பாவின் கவலையை நானும் 2021-இல் பட்டவள்தான். அறிவிப்பு வந்த வாரத்திலேயே, "உடனே தள்ளிவிடுங்கள்" என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். கேட்ட விலையைப் பார்த்தபோது, அந்தப் பணத்துக்கு இதைப் போல் உறுதியான வண்டி வேறு கிடைக்காது என்று தோன்றியதால் வைத்துக்கொண்டேன். அந்த முடிவில் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

உதிரிப்பாகம் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், புஷ், லிங்க் ராட் போன்ற தேய்கிற சாமான்கள் எதற்கும் நான் இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை. சிரமம் எல்லாம் உடம்புப் பாகங்களில்தான். சென்ற ஆண்டு ஒரு ஸ்கூட்டர் மோதி வலப்பக்க முகப்பு விளக்கு உடைந்தது. அதைத் தேடிப் பிடிக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அதுவரை உடைந்த கண்ணாடியை டேப் ஒட்டி வைத்திருந்தேன். கதவு, பம்பர், விளக்கு, பின்பக்கக் கண்ணாடி ஆகியவை சிதைந்தால் பொறுமை வேண்டும். காப்பீட்டைப் பொருட்சேதத்துக்கும் சேர்த்து முழுமையாக எடுத்து வையுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது நடந்ததைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விடிந்து பார்த்தபோது எங்கள் தெருவே ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் கதவு விளிம்பைத் தாண்டித் தண்ணீர் நின்றது. இந்த வண்டி 550 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்று விளம்பரத்தில் படித்தது என் மகனுக்கு நினைவிருந்ததால், "எடுத்து மேட்டில் விட்டுவிடலாம் அம்மா" என்று சாவியைக் கையில் எடுத்துவிட்டான். நான் விடவில்லை. காற்று போகும் வழியில் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், பிஸ்டனால் காற்றைப் போலத் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும் என்று 2015 வெள்ளத்தின்போதே பார்த்துத் தெரிந்து வைத்திருந்தேன். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகு மெக்கானிக் வந்து முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். ஃபில்டரின் அடி மூலை மட்டும் விரற்கடை அளவு நனைந்து பழுப்பேறி இருந்தது, மேலே உலர்ந்திருந்தது. அந்த விரற்கடைதான் என் எஞ்சினைக் காப்பாற்றியது. ஆயிலை மாற்றி, இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை மொட்டை மாடியில் ஒன்பது நாள் உலர்த்தினோம். நாற்றம் போகத் தை பிறந்தது. நீங்கள் பார்க்கும் வண்டியும் வில்லியனூரில் இருந்தது என்பதால், முன் இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கி, இருக்கைக் கம்பிகளின் போல்ட்டையும் சீட் பெல்ட்டை அடிவரை இழுத்தும் பாருங்கள். வண்டல் கோடு எங்காவது இருந்தால் தெரிந்துவிடும்.

பதிவு விஷயம்: கடலூரில் நிலையாக வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்பதால், புதுச்சேரியில் தடையின்மைச் சான்று வாங்கி, கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயரையும் எண்ணையும் மாற்றுவதே முறை. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு சொல்கிறது. வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டில் சாலை வரி கட்ட வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே விசாரித்து, விலை பேசும்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதிரிப்புலியூர்_பட்டறை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டாகத் திருப்பாதிரிப்புலியூரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஐகான், ஃபிகோ, ஈகோஸ்போர்ட் மூன்றும் இன்றும் என்னிடம் வருகின்றன. 2001-இல் வாங்கிய ஐகான் ஒன்று, உரிமையாளரின் மகன் கைக்கு மாறி, இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் திருவந்திபுரம் மலைக்குப் போய்வருகிறது.

கடலூரில் எந்தக் கம்பெனி வண்டி என்பதைக் காட்டிலும், அது எங்கே நின்றது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ திறந்த வெளியில் நின்ற வண்டிக்கும், நெல்லிக்குப்பம் சாலையில் கூரைக்குக் கீழே நின்ற வண்டிக்கும், ஐந்தே ஆண்டில் அடிப்பாகம் இரண்டு விதமாக இருக்கும். உப்புக்காற்று சாயத்தை ஒன்றும் செய்வதில்லை. சாயம் பெயர்ந்த இடம், வெல்டு விளிம்பு, மண் ஒட்டி ஈரம் தங்கும் மூலை, இவற்றில்தான் அது உட்கார்ந்து அரிக்கிறது. மேலே பளபளவென்று இருக்கும் வண்டியை நம்பாமல், கண்டிப்பாக லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்.

ஏற்றியதும் பின்அச்சு, சைலன்சர் பிடிப்புகள், பிரேக் பைப்புகள், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, இந்த வரிசையில் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு தெரிந்தால் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் மேல்துரு, துடைத்துவிடலாம். பொத்தென்று ஒலித்தால் உள்ளே இரும்பு போய்விட்டது, அதோடு எழுந்து வந்துவிடுங்கள். ஈகோஸ்போர்ட்டில் மட்டும் கூடுதலாக ஓர் இடம் உண்டு. ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால், அந்த எடையை ஆண்டுக்கணக்கில் கதவின் கீல்கள் தாங்கியிருக்கும். கதவைப் பாதி திறந்து, அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்குங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. ஸ்டெப்னி மூடியைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். மழைநீர் உள்ளே நின்று அங்கேதான் முதலில் துரு பிடிக்கிறது.

எஞ்சினைப் பொறுத்தவரை அந்த ஒன்றரை லிட்டர் டீசல் கெட்டியானது. நேரத்துக்கு ஆயில் மாற்றினால் தொல்லை தராது. ஆனால் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரோ ஆண்டோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சினைத் திறக்க வேண்டியிருக்கும். நடுவே யாராவது ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் பெட்ரோல் வண்டியைக் காட்டினால் இன்னும் கவனமாக இருங்கள். அதில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால், தவறான ஆயில் ஊற்றியிருந்தால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். ஓட்டச் சுகமான எஞ்சின்தான், ஆனால் பராமரித்த கை யாருடையது என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய், லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். விரிப்புக்குக் கீழே வண்டல் இல்லை. சீட் பெல்ட் அடிவரை ஒரே நிறம். பின்கதவில் ஆட்டம் இல்லை. ஸ்டெப்னி போல்ட்டுகளில் இரண்டில் செம்பழுப்புத் தூள் இருந்தது. நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்து, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. பின்அச்சில் அங்கங்கே மேல்துரு, தட்டினால் கணீர் என்றே ஒலிக்கிறது. ரசீதுக் கோப்பை அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது, டைமிங் பெல்ட் மாற்றியதற்கு மட்டும் ரசீது இல்லை. ஆசிரியரிடம் கேட்டோம், மாற்றவில்லை என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது அப்பா, "ஆள் நேர்மையானவர்" என்று மட்டும் சொன்னார். இதற்கு மேல் என்ன செய்வது?

பாதிரிப்புலியூர்_பட்டறை எழுதியது:

நல்ல வண்டி தம்பி, எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஒப்புக்கொண்டவர் குறைக்கவும் செய்வார். பம்பை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றினால், பம்ப் ஒழுகும் அன்று அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டும். அடிப்பாகத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கும் முன், நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் நிறுத்திக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூச்சு அடித்தால் துருவை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். மழை பிடிப்பதற்குள் அதை முடித்துவிடுங்கள்.