ஏரியில் வெட்ட வெட்டத் துளிர்க்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு: வழி தேவை

வணக்கம். மதுராந்தகம் வட்டத்தில், வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள எங்கள் சிற்றேரியின் மதகுப் பகுதியை மூன்று ஆண்டுகளாக நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்து வருகிறது. சரணாலயத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகள் இரை தேடும் ஆழமற்ற நீர்ப்பரப்பு சுருங்கிவிட்டதால், விடியலில் அவை இறங்க இடமின்றி வட்டமிட்டுத் திரும்புவதைக் காண மனம் பொறுக்கவில்லை.

முதல் கோடையில் தரையோடு வெட்டினோம். கரையில் குவித்த தண்டுகளே மழை பெய்ததும் கணுக்கணுவாக வேர்விட்டன. அடுத்த ஆண்டு வெட்டியவற்றை உலர்த்தி எரித்தும், மண்ணுக்குள் இருந்த அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்த்தது. நச்சுச் செடி என்பதால் ஆடுகளும் கடிப்பதில்லை. மாடுகள் குடிக்கும் நீரில் களைக்கொல்லி தெளிக்க ஊரில் எவருக்கும் சம்மதமில்லை. கரை வலுவிழந்திருப்பதால் பொக்லைனையும் இறக்க முடியாது.

ஆட்களைக் கொண்டே இச்செடியை வேரோடு அகற்றி, மீண்டும் முளைக்காமல் தடுத்தவர்கள், அதை எந்த மாதத்தில், எந்த முறையில் செய்தீர்கள்?