வில்லோ போன்சாய்: இலையை உருவினால் சிறுக்குமா?

நுவரெலியா_குளிர்: மூன்று வருடத்துக்கு முன் ஒரு பங்களாத் தோட்டத்தில் ஒடித்து வந்த வில்லோக் கிளை, சாடியில் குட்டை மரமாக (போன்சாய்) வளர்க்கிறேன். வாளித் தண்ணீரில் போட்டுவைத்தேன், கொஞ்ச நாளிலேயே வேர் விட்டது. இப்போது அடித்தண்டு என் பெருவிரல் பருமன். ஆனால் இலை நடுவிரலை விட நீளம்! சின்னச் சாடியில் தென்னோலை செருகின மாதிரி இருக்கிறது. எல்லா இலையையும் வெட்டிவிட்டால் அடுத்த இலை சிறுக்குமா?

கண்டி_இத்தி: சிறுக்கும். இத்தியில் நான் செய்வதுதான். காம்பை விட்டு இலையை மட்டும் வெட்டுங்கள். காம்பு தானாக உதிரும், கணுவில் மொட்டு வெடிக்கும்.

கவ்வாத்துக்கத்தி: தம்பி, கண்டி வெயிலில் வளரும் இத்தி வேறு, இது வேறு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுமுன் தேயிலை வேரை நறுக்கி அயடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமானால் மாச்சத்து, அதாவது திரும்பத் துளிர்க்கச் செடி சேர்த்துவைத்த உணவு, இருக்கிறது, வெட்டலாம். மங்கலாக இருந்தால் பொறுக்க வேண்டும். வெட்டும்போதும் ஒன்றிரண்டு கிளையை இலையோடு விடுவது உண்டு, செடி மூச்சு விட. நீங்கள் என்னடாவென்றால் மொட்டையடிக்கக் கேட்கிறீர்கள்.

கண்டி_இத்தி: வில்லோவுக்கா பயம்? கூடை முடைய ஐரோப்பாவில் அதை அடியோடு வெட்டுகிறார்கள், திரும்பத் தழைக்கிறதே.

கவ்வாத்துக்கத்தி: தழைக்கும். எப்படி? நீள நீளக் கம்பாக! கூடைக்காரருக்கு அதுதானே வேண்டும். நமக்கு வேண்டியது குட்டை இலையும் மெல்லிய குச்சியும்.

நானும் ஒரு வைகாசியில் உருவினேன். அப்புறம் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது, நாள் முழுக்க மூடுபனி. வெளிச்சம் இல்லாமல் புது இலை பழையதை விட நீண்டு, வெளிறி வந்தது. உள்பக்கத்துக் குச்சி நான்கை நகத்தால் சுரண்டினேன், தோலுக்கடியில் பச்சையே இல்லை. வில்லோவின் குணம் அது, காரணமில்லாமலே சின்னக் கிளையை உதிர்த்துவிடும். இலை சிறுக்க வேண்டுமென்றால் நல்ல வெயிலில் வையுங்கள், நுனியைக் கிள்ளுங்கள். இல்லாவிட்டால் மரத்தைப் பெரிதாக்குங்கள். இரண்டரை அடி உயரத்தில் தொங்கினால் அந்த இலை அழகாகத்தான் இருக்கும்.

கண்டி_இத்தி: வைகாசியில் செய்தது உங்கள் பிழை, மரத்தின் பிழை இல்லை.

கவ்வாத்துக்கத்தி: அது சரிதான். ஆனால் தை, மாசியில் உருவினால் உறைபனி தளிரைக் கருக்கிவிடும். எஞ்சியது பங்குனி மட்டும்.

நுவரெலியா_குளிர்: அப்படியென்றால் பங்குனியில் ஒரு பக்கம் மட்டும் உருவிப் பார்க்கட்டுமா?

கண்டி_இத்தி: வேண்டாம். பலமெல்லாம் மற்றப் பக்கத்துக்குப் போய்விடும், உருவின கிளை காயும். அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

நுவரெலியா_குளிர்: வாளியில் இன்னும் மூன்று குச்சி வேரோடு கிடக்கிறது. ஒன்றை உருவுகிறேன், மற்ற இரண்டைத் தொடமாட்டேன்.

கவ்வாத்துக்கத்தி: இந்த வருடம் வேண்டாம் தம்பி. அந்த வேரில் மாச்சத்து எங்கே இருக்கிறது? முதலில் சாடியில் நட்டு, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.