பிளாக் ஹில் உச்சிக்குப் பாவுகல் பாதை தேவைதானா?

வழிப்போக்கன்:
இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் 582 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் பிளாக் ஹில், 1965இல் பென்னைன் வே என்னும் நடைப்பயண நெடும்பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டு, காலை உள்ளிழுக்கும் கரிய சேற்றுக்காகவே பெயர் பெற்றிருந்தது. இன்றோ உச்சியிலுள்ள நில அளவைத் தூண் வரை கல் பாவப்பட்டிருப்பதால், மூடுபனியிலும் திசைகாட்டியை வெளியே எடுக்காமலே போய்த் திரும்பிவிடலாம். வழியைத் தானே கண்டறிவதுதான் மலைநடையின் உயிர் என்று நம்பும் எனக்கு இது பேரிழப்பாகவே படுகிறது.

பாசிப்பச்சை:
அந்தச் சேற்றை மலையின் இயல்பு என்று தாங்கள் கொள்வதை என்னால் ஏற்க இயலவில்லை. சுற்றுவட்டாரத் தொழில் நகரங்களின் ஆலைப் புகையும் அமில மழையும் ஸ்பாக்னம் பாசியைக் கொன்றன. தீயும் அளவு மீறிய ஆட்டு மேய்ச்சலும் எஞ்சிய செடிகளை அழித்தன. போர்வை இழந்த பீட் மண்ணை, அதாவது ஈரத்தில் அரைகுறையாக மட்கிய செடிகள் படிந்து உருவான கருமண்ணை, மழையும் காற்றும் அரித்துச் சென்றன. போதாக்குறைக்கு, சேற்றுக்கு அஞ்சி ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி நடக்க நடக்கத் தடம் அகன்றுகொண்டே போயிற்று. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் மட்டுமே சேரும் மண் அது. ஒரு மீட்டர் போனால் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு போயிற்று. இடிக்கப்பட்ட பழைய ஆலைகளின் தரைக்கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து பாவியது, அத்தனை கால்களையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்காகத்தான்.

வழிப்போக்கன்:
கேட்டின் காரணங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், உச்சியைப் பச்சையாக்கியது கல் அன்று. சுண்ணாம்பிட்டு மண்ணின் புளிப்பைக் குறைத்து, புல் விதை தூவி, வெட்டிய ஹெதர் புதர்ச்செடிக் கிளைகளைப் பரப்பி, நீரோடிய பள்ளங்களை அடைத்த உழைப்புதான் அதைச் செய்தது. பெரும்பகுதி பாவுகல் இல்லாத, அருகிலுள்ள பிளீக்லோ மேட்டிலும் அதே முறையால் செடிகள் திரும்பியுள்ளன.

பாசிப்பச்சை:
விதைத்த இடம் மிதிபடாமல் இருந்தால்தானே வேர் பிடிக்கும்? இங்கே நெடும்பாதை நேரே தூணின் அடிக்கே வருகிறது. கல்லின் விளிம்பிலிருந்து சற்றே தள்ளிக் குனிந்து பாருங்கள்; ஒரு காலத்தில் வெறும் கருமண்ணாகக் கிடந்த தரையில் பருத்திப்புல் தூர்கட்டி நிற்கிறது. மேலும், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பொதுமக்கள் நடமாடும் உரிமையுள்ள நிலம்; கல்லை விட்டு விலகித் திசைகாட்டியுடன் நடக்கத் தங்களை எவரும் தடுக்கவில்லை.

மேட்டுக்காற்று:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இம்மலையின் தென்சரிவு நீர், மான்செஸ்டருக்குக் குடிநீர் தரும் லாங்டென்டேல் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. பீட் கரைந்து பழுப்பேறிய நீரைத் தெளியவைப்பது செலவு மிகுந்த வேலை. ஆகவே இது நடப்பவர்களின் விருப்பம் சார்ந்த வழக்கு மட்டுமன்று. அதே வேளையில், இளகிய மண்ணில் அமிழ்ந்த கற்களின் மேல் தேங்கும் நீர் குளிர்காலத்தில் உறைந்து வழுக்குவதால், அவற்றை அவ்வப்போது தூக்கிப் பதிக்கும் பொறுப்பும் பாவியவர்களுடையதே.

வழிப்போக்கன்:
குடிநீர் பற்றிய வாதம் வலுவானது. பிளாக் ஹில்லின் கற்கள் இருக்கட்டும். ஆயினும், இதையே முன்மாதிரியாகக் காட்டி பிளீக்லோ உச்சி வரை கல் பாவ முனைந்தால் நான் எதிர்ப்பேன்.