புல ஆழமா, தெளிவுப்பட்டையா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படத்தில் கேமராவிலிருந்து எவ்வளவு தொலைவு முதல் எவ்வளவு தொலைவு வரை உள்ளவை தெளிவாகப் பதியும் என்பதைக் குறிக்கும் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' என்பதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்று சென்ற வாரம் நான் கேட்டிருந்ததற்கு, மூத்தவரான ஐயா அவர்கள் 'புல ஆழம்' என்று எழுதியிருந்தார்கள். வேறு இரு நண்பர்களும் அதை வழிமொழிந்தார்கள். ஐயாவின் சொல்லை மறுத்து எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அச்சொல்லை ஒரு வாரம் கையாண்டு பார்த்த பின், அது என் வேலைக்கு உதவவில்லை என்பதைக் காரணங்களோடு சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு ஊரை அடுத்த எங்கள் வீட்டுத் தோட்டத்திற்கு, ஞாயிறு காலைகளில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் ஆறேழு பேர் பூச்சிகளையும் சிலந்திகளையும் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். எலுமிச்சைச் செடியில் பறவை எச்சத்தைப் போலவே ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழு, செம்பருத்தி இலையில் இரைக்குக் காத்திருக்கும் குதிக்கும் சிலந்தி, முருங்கை மரத்தடியில் வரிசை போகும் எறும்பு என்று அவர்களுக்குப் பாடம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அவர்களுக்காக நான் எழுதிவரும் சிறு கையேட்டுக்குத்தான் இச்சொல் தேவைப்படுகிறது.

'புலம்' என்றதும் அப்பிள்ளைகளின் நினைவுக்கு வருவது இயற்பியல் பாடநூலில் உள்ள காந்தப்புலமும் மின்புலமுமே. கேமராவுக்குள் ஏதோ ஒரு விசைப்புலம் இருப்பதாகவும் அதன் ஆழத்தை நாம் அளப்பதாகவும் ஒரு மாணவர் உண்மையாகவே எண்ணிக்கொண்டார். 'ஆழம்' அதைவிடத் தொல்லை தருகிறது. எங்கள் பகுதியில் ஆழம் என்றால் கிணறு; அது கீழ்நோக்கி இறங்குவது, அடி அடியாக அளக்கப்படுவது. நாம் பேசுவதோ கேமராவிலிருந்து முன்னோக்கி அளக்கப்படும் ஒரு சிறு இடைவெளியைப் பற்றி. 36க்கு 24 மில்லிமீட்டர் உணரி (ஒளி விழுந்து படம் பதியும் தகடு) உள்ள கேமராவில், பூச்சியின் உருவம் அதன் உண்மை அளவிலேயே உணரியில் விழும் அளவுக்கு நெருங்கி, லென்ஸின் துளையை எஃப் 8 என வைத்தால், தெளிவாகப் பதியும் பகுதி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். எஃப் 16 என வைத்தால் (இந்த எண் கூடக்கூடத் துளை சுருங்கும்) ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். உருவத்தை இரு மடங்காகப் பெருக்கினால், எஃப் 8இல் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. குதிக்கும் சிலந்தியின் முன்னிரு பெரிய கண்கள் தெளிந்தால் அதன் வயிறு மங்கிவிடுகிறது. நகத்தின் கனம்கூட இல்லாத ஒன்றை ஆழம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒளியியலில் 'டெப்த் ஆஃப் ஃபோகஸ்' என்று வேறொன்று இருக்கிறது. அது லென்ஸுக்குப் பின்னால், உணரியின் பக்கத்தில் அமைவது. அதற்குக் 'குவிய ஆழம்' என்ற சொல் இயல்பாகப் பொருந்தும். பொருளின் பக்கத்தில் அமைவதற்கும் ஆழம் என்றே பெயரிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பும் என்பது உறுதி.

இவ்வளவும் எழுதிவிட்டு மாற்றுச் சொல் தராமல் இருப்பது முறையன்று. முதலில் 'தெளிவீச்சு' என்று ஆக்கினேன். வினைத்தொகையாகக் கட்டுக்கோப்பாக நிற்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது என்று மகிழ்ந்து அதைக் கையேட்டின் முதற்படியிலும் எழுதிவிட்டேன். பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டியபோது, மானாவாரியில் சாமையைக் கைவீசித் தெளித்து விதைப்பதைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அவர் கேட்டது முற்றிலும் சரி. தெளிப்பதும் வீசுவதும் விதைப்புச் சொற்களாக நாள்தோறும் புழங்கும் ஊரில் அச்சொல் வேறு பொருளைத் தராது. அன்றே அதை அடித்துவிட்டேன்.

இப்போது நான் முன்வைக்கும் சொல் 'தெளிவுப்பட்டை'. இது என் சொல் அன்று. ஒரு மாணவி சொன்னது. மழை பெய்த மறுநாள், செம்மண் தரையில் தம்பலப்பூச்சி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கேமராவைத் தரையை ஒட்டிச் சாய்த்து வைத்து அவர் எடுத்த படத்தில், முன்னால் இருந்த மண் மங்கலாகவும், பின்னால் இருந்த மண்ணும் மங்கலாகவும், நடுவில் குறுக்காக ஓடிய ஒரு கீற்றில் மட்டும் ஒவ்வொரு மணலும் எண்ணக்கூடியதாகவும் இருந்தன. "நடுவுல ஒரு பட்ட மட்டும் தெளிவா இருக்கு சார், பூச்சி அதுக்குள்ள வரல" என்றார். இவ்வளவு நாள் நான் பல வாக்கியங்களில் விளக்க முயன்றதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

இச்சொல்லால் கிடைக்கும் பெரிய நன்மை, அதை வைத்துச் செய்முறையைச் சொல்லிக்கொடுக்க முடிகிறது என்பதே. 'பூச்சியின் உடல் முழுவதும் பட்டைக்குள் கிடக்கும்படி கேமராவைத் திருப்பு' என்றால் பிள்ளைகள் உடனே செய்கிறார்கள். சிறகு மூடி அமர்ந்த வண்ணத்துப்பூச்சிக்கு இணையாக உணரி நின்றால், குறுகிய பட்டைக்குள்ளேயே இரு சிறகும் அடங்கிவிடும் என்பதும் விளங்கிவிடுகிறது. 'துளையைச் சுருக்கினால் பட்டை அகலும். மிகச் சுருக்கினால், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே கூர்மை இழக்கும்' என்று இயல்பாக எழுத முடிகிறது. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிந்த பகுதிகளை ஒன்றாக இணைக்கும் 'ஃபோகஸ் ஸ்டாக்கிங்' முறைக்கும் 'பட்டையடுக்கு' என்ற சொல் தானே பிறக்கிறது. 'புல ஆழ'த்திலிருந்து இப்படி ஒரு கிளை வராது.

பட்டை என்பது மரப்பட்டையையும் குறிக்குமே என்று சிலர் கேட்கக்கூடும். நிறப்பட்டை, அலைப்பட்டை என்று அறிவியல் தமிழில் அச்சொல் முன்பே வேர்விட்டிருப்பதால் அது தடையாகாது என்று கருதுகிறேன். மலைகளைத் தொலைவிலிருந்து படமெடுக்கும்போது தெளிவு தொடுவானம் வரை நீளுமே, அதைப் பட்டை என்னலாமா என்பது அதைவிட வலுவான கேள்வி. அங்கே சொல் சற்று இழுபடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிக அகன்ற பட்டை என்றால் பொருள் கெடுவதில்லை.

'புல ஆழம்' ஏற்கெனவே சில இடங்களில் வழங்குகிறது, மாற்ற வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஆனால் சொற்கள் மாறுவது புதிதன்று. அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காக 1916இல் இராஜாஜி சேலத்தில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பெயர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அவர்கள் பரிபாஷை என்றதை இன்று நாம் கலைச்சொல் என்கிறோம். அப்பணியின் பெயரே மாறியிருக்கும்போது, வேரூன்றாத ஒரு சொல்லை மாற்றுவதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கையேட்டின் அடுத்த படியில், முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'டெப்த் ஆஃப் ஃபீல்டு' என்பதையும் சேர்த்து எழுதி, பிறகு 'தெளிவுப்பட்டை' என்றே எழுதவிருக்கிறேன். அதற்கு முன் ஐயா அவர்களின் மறுமொழியை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்; குறிப்பாக, 'தெளிவுப்பட்டை' என்று ஒரே சொல்லாக எழுதுவதா, 'தெளிபட்டை' என்று சுருக்குவதா என்பதில் அவர்களின் கருத்து வேண்டும். சுருக்கினால் மீண்டும் விதை தெளிக்கும் நினைவு வந்துவிடுமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது.