ஹம் சத்தத்துக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்: உங்கள் அனுபவம் என்ன?

செங்கோட்டை, மைக் செட் தொழில்:

புளியரை, ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கம் கோயில் விழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறேன். வில்லுப்பாட்டு மட்டும் என்றால் தொல்லையே இல்லை. எல்லாம் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கும். ராத்திரி கானமேளா (பாட்டுக் கச்சேரி) வந்தால்தான் சிக்கல். அவர்கள் மிக்சர் மேடையில் ஜெனரேட்டரில் ஓடும், அதற்குத் தனியாக எர்த் கம்பி அடித்திருப்பார்கள். நம்ம ஆம்ப்ளிபயர் பந்தல் ஓரத்தில் கோயில் லைனில் நிற்கும். நடுவே நீளமான கேபிள். அதைச் சொருகியதும் 'ம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். பாடகர் மூச்சு விடுகிற இடைவெளியில் அது மட்டும்தான் கேட்கும்.

இரண்டு எர்த்துக்கும் நடுவே கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி உறை) வழியாக கரண்ட் ஓடும். அதுதான் 50 ஹெர்ட்ஸ் ஹம். நான் சொருகும் முன்பே மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, கேபிள் முனை ஷீல்டுக்கும் ஆம்ப்ளிபயர் பாடிக்கும் நடுவே அளந்துவிடுவேன். வோல்டேஜ் காட்டினால் உடனே ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் பெட்டியை எடுத்துவிட வேண்டியதுதான். லைன் சிக்னலுக்கு 1:1 வகை, 600 ஓம் அல்லது 10 கிலோ ஓம். உள்ளே இரண்டு சுற்று. பாட்டு காந்தப்புலமாகத் தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு கிடையாது. ஆனால் பெட்டியில் இருக்கும் கிரவுண்ட் லிப்ட் சுவிட்சையும் (ஷீல்டு தொடர்பைத் துண்டிப்பது) போட வேண்டும். ஷீல்டு இரண்டு பக்கமும் சேர்ந்தே இருந்தால், டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக்கொண்டு அதே கரண்ட் ஓடும். பெட்டி வாங்கியும் பலன் இல்லை என்று சொல்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு "ஹம் போயிருச்சு அண்ணாச்சி" என்கிறார்கள். ஹம் போகும், உண்மைதான். உள்ளே லீக்கேஜ் வந்தால் அந்தக் கரண்ட் மைக் பாடியில் வந்து நிற்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற பாடகர் அதைப் பிடிப்பார். உதட்டில் சுருக்கென்றது என்று மைக்கைக் கீழே போட்டவரை நேரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, ஆடிட்டோரியம் சவுண்ட்:

அண்ணாச்சி சொன்ன எர்த் விஷயத்துக்கு என் முழு ஆதரவு. டிரான்ஸ்பார்மரில் மலிவைப் பார்க்காதீர்கள் என்பது என் அனுபவம். கோர் (சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் காந்த உலோகம்) சின்னதாக இருந்தால் லெவல் ஏறும்போது செறிவடைந்துவிடும், அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது. பேச்சில் ஒன்றும் தெரியாது. செண்டை, கிக் டிரம் வந்தால் அடிநாதம் கரகரக்கும். அதனால் கடையிலேயே லேப்டாப்பில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, லெவலை ஏற்றிக் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். வைக்கும் இடமும் முக்கியம். ஒரு மண்டபத்தில் பவர் ஆம்ப் மேலேயே வைத்திருந்தார்கள். ஆம்ப்பின் பவர் டிரான்ஸ்பார்மர் காந்தப்புலம் நேராக இதற்குள் ஏறி, ஹம் இன்னும் கூடிவிட்டது. இரண்டடி தள்ளி வைத்ததும் அடங்கியது.

கண்டென்சர் மைக் லைனில் இதைப் போட்டால் மிக்சர் அதே கேபிளில் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் பேன்டம் கரண்ட் தாண்டாது, மைக் செத்துப்போன மாதிரி இருக்கும். அதையும் நினைவில் வையுங்கள்.

களியக்காவிளை, கீபோர்டு:

லேப்டாப் டிராக்கோடு வாசிக்கிறவர்களுக்கு: சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பேசிவ் டிஐ பாக்ஸ் (லேப்டாப், கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் கரண்ட் தேவைப்படாத சின்னப் பெட்டி) போதும். அதற்குள்ளும் இருப்பது டிரான்ஸ்பார்மர்தான். இப்போது அது இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை.

செங்கோட்டை, மைக் செட் தொழில்:

நல்ல தகவல் தம்பி. வாங்கும் முன் எல்லோரும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஆம்ப்ளிபயரில் இன்புட் கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்போதும் ஹம் இருந்தால் கோளாறு உள்ளேதான். பெரும்பாலும் பவர் சப்ளையில் பில்டர் கண்டென்சர் (கரண்டைச் சீராக்கும் கெபாசிட்டர்) காய்ந்திருக்கும். அது 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். அதற்கு எந்த டிரான்ஸ்பார்மரும் உதவாது, மெக்கானிக்கிடம் கொடுத்துக் கண்டென்சரை மாற்றுங்கள். கழற்றியதும் அமைதியானால், ஒவ்வொரு கேபிளாகச் சொருகிக்கொண்டே வாருங்கள். எதில் ஹம் ஆரம்பிக்கிறதோ அந்த ஒரு லைனில் போட்டால் போதும்.