புதுப் பித்தளைக் கூடு, செம்புக் குண்டு: நேராக மான் வேட்டைக்குக் கொண்டு போகலாமா?

மான்டெரே_வேடன்:
கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த விலங்கை வேட்டையாடினாலும் ஈயக் குண்டு கூடாது. அதே நாளில்தான் தோட்டா வாங்குவதற்குப் பின்னணிச் சோதனையும் வந்தது. அதன் பிறகு எனக்கு வேண்டிய தோட்டா கடையில் வேண்டிய நேரத்தில் கிடைப்பதே இல்லை என்பதால் வீட்டிலேயே லோடு செய்கிறேன், அதாவது பித்தளைக் கூட்டில் பவுடர் நிரப்பிக் குண்டைப் பொருத்தி நானே தோட்டா தயாரிக்கிறேன். ஆகஸ்டில் ஏ மண்டல (கடற்கரையோரப் பகுதி) மான் பருவம் தொடங்குகிறது. என் தாத்தா காலத்து அமைப்பிலுள்ள .30-06 (தோட்டா அளவின் பெயர்) ரைஃபிளுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) பார்ன்ஸ் நிறுவனத்தின் டிடிஎஸ்எக்ஸ் செம்புக் குண்டும் புதுக் கூடுகளும் வாங்கி வைத்திருக்கிறேன்.

என் வாதம் இதுதான்: வேட்டைக்குப் போகும் தோட்டாவுக்குப் புதுக் கூடுதான் சரி. அதற்கு முன்கதை கிடையாது. எத்தனை தடவை சுடப்பட்டது, எங்கே இளைத்திருக்கிறது என்ற கவலை இல்லை. சேம்பரைவிட (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) சற்றுச் சிறிதாக வருவதால் தூசி, குளிர், அவசரம் எது இருந்தாலும் போல்ட் (அந்த அறையை மூடும் தாழ்) தடையில்லாமல் மூடும். பலமுறை சுட்டு விரிந்து, அளவு சரியாகக் குறைக்காத கூடு மான் முன்னால் நிற்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டால் அந்தப் பருவமே போச்சு. கழுத்தை ஒருமுறை மேண்ட்ரலில் (உள்விட்டத்தைச் சீராக்கும் கம்பி) விட்டு, வாய் விளிம்பைச் சீவி, லோடு செய்து, சைட் பார்த்து (குறியைச் சரிசெய்து), காட்டுக்குப் போய்விடலாம். ரேஞ்சில் ஒருமுறை சுட்டுப் பதப்படுத்திய பிறகுதான் எதற்கும் ஆகும் என்பது குறிபார்ப்புப் போட்டிக்காரர்களின் பழக்கம். வேட்டைக்காரருக்கு அது எதற்கு?

பழைய_பிரஸ்:
தம்பி, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். புதுக் கூடு போல்ட்டில் சுலபமாக நுழைகிறது என்று நீங்கள் சொல்வது உண்மை. ஏன் நுழைகிறது? கூடு கழுத்துக்குக் குறுகும் இடமான தோள் பின்னால் தள்ளி இருக்கிறது. அந்த இடைவெளியை முதல் வெடிப்பில் பித்தளை நீண்டுதான் நிரப்புகிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் இளைக்கும். பின்னாளில் கூடு இரண்டாகப் பிரிவதற்கு விதை விழுவது பெரும்பாலும் அந்த முதல் வெடிப்பில்தான். முன்கதை இல்லை என்கிறீர்கள், அந்தக் கதையின் மோசமான வரியை நீங்களே எழுதப் போகிறீர்கள்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. முதல் சுடுதலில் குண்டைக் கொஞ்சம் நீளமாக விட்டு, ரைஃபிளிங்கில் (பேரலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகள்) முட்டும்படி லேசான லோடில் சுடுவார்கள். குண்டு கூட்டைப் பின்னால் அழுத்திப் பிடிக்கும், கூடு நீளாமல் தோள் மட்டும் முன்னால் போய் உட்காரும். ஈயக் குண்டில் இது நடக்கும். செம்புக் குண்டில் செய்யக்கூடாது! செம்பு ஈயத்தைப் போல எளிதில் நசுங்கிக் கொடுக்காது. ரைஃபிளிங்கில் முட்டவைத்தால் அழுத்தம் ஏறும். அதனால்தான் இந்தக் குண்டைச் செய்பவர்களே 0.050 அங்குலமாவது தள்ளி உட்காரவைக்கச் சொல்கிறார்கள். ஆக, புதுக் கூடு 'முட்டவை' என்கிறது, செம்புக் குண்டு 'தள்ளிவை' என்கிறது. இரண்டையும் ஒரே தோட்டாவில் சேர்க்கும்போது ஒன்று மட்டுமே நடக்கும்.

பாலைநரி:
இருவரும் கூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். குண்டே சரியில்லை என்பது என் கருத்து. நான் இருப்பது அரிசோனாவில். இங்கே கட்டாயம் எதுவும் இல்லை. 2005 முதல் கைபாப் பீடபூமியில் வேட்டை அனுமதி கிடைத்தவர்களுக்கு மாநிலத் துறையே ஈயமில்லாத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தாமாகவே ஒத்துழைக்கிறார்கள்: செம்பைப் பயன்படுத்துகிறார்கள், அல்லது ஈயத் தூள் கலந்த குடலைப் பறவைகள் தின்னாதபடி மலையில் விடாமல் எடுத்து வந்துவிடுகிறார்கள். தடை போட்டு ஆளை விரட்டாமலேயே இவ்வளவு நடந்திருக்கிறது.

செம்புக் குண்டு விரிய வேகம் வேண்டும். வேகம் நொடிக்கு 1,800 அடிக்குக் கீழே போனால் பல குண்டுகள் ஊசி போலத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஈயம் அந்த வேகத்திலும் விரியும். வேகம் குறைந்த பழைய .30-30 துப்பாக்கி வைத்திருக்கும் பெரியவரிடம் போய் இதை மாற்றுங்கள் என்று சொல்வது அநியாயம். அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து சாகும் மானுக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

கழுகுக்கண்:
அண்ணா, நான் வனவிலங்கு மருத்துவப் பக்கம் வேலை செய்கிறேன். வேட்டைக்கு எதிரியும் இல்லை. காயப்பட்ட மானைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரிதான், ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள்.

1982இல் கலிஃபோர்னியா கான்டார் என்ற பிணந்தின்னிக் கழுகு உலகத்திலேயே 22தான் மிச்சம். 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். 1992இல் மறுபடி வெளியே விட ஆரம்பித்து, இன்று கூண்டிலும் காட்டிலுமாக 500க்கு மேல் இருக்கின்றன. காட்டில் அவற்றைக் கொல்வதில் முதலிடம் ஈயத்துக்கு. ஈயக் குண்டு உடம்புக்குள் தூள்தூளாக உடைகிறது. எக்ஸ்ரே எடுத்தால் குண்டு போன வழியைச் சுற்றி வெகு தூரத்துக்கு வெள்ளைப் புள்ளிகள். அந்தக் குடலைத் தின்னும் கான்டாரின் வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து இரத்தத்தில் விடும். செரிமானப் பாதை செயலிழந்து, தீனிப்பை நிறைய இரை இருந்தும் பட்டினியில் சாகும். கான்டார் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஒன்று போனால் அந்த இடத்தை நிரப்ப அவ்வளவு காலம் ஆகும்.

கான்டாரோடு இது நிற்கவும் இல்லை. 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 38 மாநிலங்களிலிருந்து 1,210 கழுகுகளைச் சோதித்தார்கள். வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலும் ஏறத்தாழ பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சு இருந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் சாப்பிடும் கறியிலும் அதே தூள்தான் போகிறது. 2008இல் நார்த் டகோட்டாவில் தானமாக வந்த மான் கறியில் ஈயத் துண்டுகள் இருந்ததால் உணவு வங்கிகளிடம் அதைக் கொடுக்க வேண்டாம் என்றார்கள்.

பாலைநரி:
டாக்டர், குடலை எடுத்து வரலாம் என்று நானே சொன்னேனே. தடை வந்து இத்தனை ஆண்டான பிறகும் கலிஃபோர்னியாவில் கான்டார்கள் ஈயத்தால் சாகின்றன. அப்படியானால் சட்டம் எதைச் சாதித்தது?

கழுகுக்கண்:
எழுதிய சட்டம் எல்லா இடத்திலும் நடப்பதில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. பண்ணைகளில் தரை அணிலைச் சுட .22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஈயமில்லாத தோட்டா குறைவு, குறியும் பல துப்பாக்கிகளில் நன்றாக வராது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சுட்ட அணிலை அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். கான்டார் ஒரே நாளில் நூறு மைலுக்கு மேல் பறக்கும், யாருடைய நிலம் என்று அதற்குத் தெரியாது. கலிஃபோர்னியாக் கடற்கரையில் பிக் சர் பக்கத்தில் ஒரு வனவிலங்கு அமைப்பு பண்ணைக்காரர்களுக்கு ஈயமில்லாத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்து வருகிறது. உங்கள் அரிசோனா வழியும் அதுதான். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்கிறேன். ஆனால் .22இன் சிக்கலைக் காட்டி .30-06இல் ஈயம் சுடுவதை நியாயப்படுத்த முடியாது. அங்கே நல்ல மாற்று இருக்கிறது.

துல்லியமானி:
வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலைநரி சொன்ன எல்லை உண்மை. பல செம்புக் குண்டுகளுக்கு 1,800 முதல் 2,000 அடி வரை வேண்டும். அதனால்தான் செம்புக்கு மாறும்போது எடையைக் குறைக்கச் சொல்கிறோம். .30-06இல் 180 கிரெய்ன் ஈயம் சுட்டவர் 150 கிரெய்ன் செம்புக்குப் போனால் 300 கெஜத்திலும் 2,000க்குக் குறையாது. செம்புக் குண்டு எடையை இழக்காமல் முழுசாக உள்ளே போவதால் இலேசான குண்டும் ஆழமாகவே போகும். இன்னொரு காரணம் நீளம். ஈயத்தின் அடர்த்தி 11.34, செம்பின் அடர்த்தி 8.96. ஒரே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும். பேரலின் ட்விஸ்ட் (உள்வரிகளின் முறுக்கு) மெதுவாக இருந்தால் நீளக் குண்டு நிலைகொள்ளாது. கூட்டுக்குள்ளேயும் ஆழமாக இறங்கிப் பவுடரின் இடத்தைத் தின்னும்.

ஆகவே மான்டெரே நண்பரே, ஒரே எடை என்பதற்காக ஈயக் குண்டின் லோடை செம்புக்கு எடுத்துவிடாதீர்கள். குண்டு செய்தவரின் மேனுவலில் அந்தக் குண்டுக்கே உள்ள தொடக்க லோடிலிருந்து படிப்படியாக ஏறுங்கள். கூட்டின் பிராண்டு மாறினாலும் அப்படித்தான். சுவர் தடிமனான கூட்டில் உள்ளிடம் குறைவு, அதே பவுடர் அதிக அழுத்தம் தரும். பேரலில் பழைய குண்டின் உறையிலிருந்து வந்த செம்புப் படிவு இருந்தால் முழுசாகச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மான்டெரே_வேடன்:
லோடு மேனுவலில் இருப்பதுதான், அதில் மாற்றம் இல்லை.

பழைய_பிரஸ் ஐயா, முட்டவைத்தல் பற்றிச் சொன்னது சரியான கேள்வி. ஆனால் அதற்காகப் புதுக் கூடே வேட்டைக்கு ஆகாது என்று ஏன் முடிவு செய்ய வேண்டும்? கடையில் வாங்கும் தோட்டா முழுக்கப் புதுக் கூடுதானே. அதில் செம்புக் குண்டு போட்டுத்தான் லட்சக்கணக்கானோர் மான் சுடுகிறார்கள். யாரும் முதலில் சுட்டுப் பதப்படுத்துவதில்லை.

பழைய_பிரஸ்:
கடைத் தோட்டாவின் கூட்டை அவர்கள் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள், தம்பி. ஒருமுறை நீண்டால் அவர்களுக்கு என்ன? நீங்கள் அதே கூட்டை மறுபடி மறுபடி லோடு செய்யப் போகிறீர்கள். அப்புறம், சைட் பார்ப்பதையும் யோசியுங்கள். புதுக் கூட்டில் சைட் வைத்துவிட்டு, அடுத்த பருவம் அதே கூடு சேம்பர் அளவுக்கு விரிந்து உள்ளிடம் கூடியதும் வேகம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். கழுத்துப் பிடிப்பும் அப்படித்தான். புதுக் கூட்டின் கழுத்து உட்புறம் கரி படியாத வெறும் பித்தளை. குண்டை ஒவ்வொன்றில் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். கொஞ்சம் கிராஃபைட் தடவினால் குறையும், ஆனால் ஒருமுறை சுட்ட கூட்டில் அந்தக் கவலையே குறைவு.

உங்கள் ரைஃபிள் பழசு என்கிறீர்களே, ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்திலிருந்து சேம்பரின் தோள் வரையுள்ள நீளம்) எவ்வளவு? அந்தத் துப்பாக்கியில் சுட்ட கூடு ஒன்று இருந்தால் கம்பேரேட்டர் என்ற அளவுக் கருவியில் வைத்துத் தோளை அளந்து, புதுக் கூட்டையும் அளந்து சொல்லுங்கள்.

மான்டெரே_வேடன்:
அளந்துவிட்டேன். புதுக் கூட்டின் தோள் சுட்ட கூட்டைவிட 0.007 அங்குலம் பின்னால் இருக்கிறது. சில புதுக் கூடுகளில் 0.008.

துல்லியமானி:
பழைய சேம்பருக்கு இது ஆச்சரியம் இல்லை. ஆனால் மறுபடி லோடு செய்யப் போகும் கூட்டுக்கு அது அதிகம்.

பழைய_பிரஸ்:
இதற்காகத்தான் கேட்டேன். இந்தத் துப்பாக்கியில் செம்புக் குண்டை 0.050 தள்ளிவைத்துப் புதுக் கூட்டில் சுட்டால் பித்தளை 0.007 நீளும். முதலில் விலை குறைந்த ஈயக் குண்டில், மேனுவலின் தொடக்க லோடில், ரைஃபிளிங்கில் முட்டும்படி வைத்து ரேஞ்சில் சுட்டு எடுங்கள். பிறகு அளவு குறைக்கும்போது டையை (கூட்டை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) முழுசாக இறக்காமல் தோளை 0.002 மட்டும் பின்னால் தள்ளுங்கள். போல்ட்டும் சுலபமாக மூடும், நீங்கள் கேட்ட நம்பகத்தன்மை அப்படியே கிடைக்கும். அதற்கப்புறம் செம்பு.

கழுகுக்கண்:
தடை வேட்டைக்குத்தான், ரேஞ்சில் ஈயம் சுடலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள் அண்ணா. வேட்டைக்குப் போகும்போது அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் ஈயத் தோட்டா கையில் இருந்தாலே கலிஃபோர்னியாவில் சட்ட மீறல். ரேஞ்சுப் பையும் வேட்டைப் பையும் தனித்தனியாக இருக்கட்டும். பெட்டியில் குண்டின் பெயரை எழுதி ஒட்டுங்கள். நடுவழியில் வார்டன் (வேட்டைக் காவல் அதிகாரி) நிறுத்திக் கேட்டால் வீட்டில் லோடு செய்த தோட்டாவுக்கு அந்தக் குறிப்பு உதவும்.

மான்டெரே_வேடன்:
இந்த ரைஃபிளுக்கு அப்படியே செய்கிறேன் ஐயா. ஆனால் என் வாதத்தை முழுசாக விட மாட்டேன். என் மைத்துனரின் 6.5 கிரீட்மோர் புதிய துப்பாக்கி, சேம்பர் இறுக்கம். அதில் புதுக் கூடும் செம்புக் குண்டும் நேராகக் காட்டுக்குப் போவதில் எந்தத் தவறும் இல்லை என்றுதான் இன்னும் சொல்வேன்.

பாலைநரி:
நானும் என் .30-30ஐ மாற்றப் போவதில்லை. நூறு கெஜத்துக்குள் சுடுகிறேன், குடலை எடுத்து வருகிறேன். அதில் டாக்டருக்கு ஆட்சேபம் இருக்கக்கூடாது.

கழுகுக்கண்:
கறியிலுள்ள தூள் போகாது அண்ணா. குண்டு போன இடத்தைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு மேலே வெட்டி எடுத்து, அதையும் குடலோடு சேர்த்துப் பையில் கட்டிக்கொண்டு வாருங்கள். .30-30க்கென்றே தட்டை முனையுள்ள 150 கிரெய்ன் செம்புக் குண்டு இருக்கிறது, குழாய் மேகசினுக்கும் பொருந்தும். நூறு கெஜத்துக்குள் வேகமும் போதும்.

பழைய_பிரஸ்:
மைத்துனரின் துப்பாக்கியிலும் முதலில் ஒரு சுட்ட கூட்டை வைத்து அளந்துவிடுங்கள், தம்பி. வித்தியாசம் 0.002, 0.003 என்று வந்தால் நான் வாதாட மாட்டேன். அதற்கு மேல் வந்தால் மறுபடி இங்கே எழுதுங்கள்.